ஐந்து மில்லிகிராமுக்கு நாலு மில்லி தண்ணீர்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள். டாக்டர் லியாவ், எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவி. மிஸ்டர் கூ, மேலாளர். ஹஸ்னா, என்னோடு ஒரே மேசையில் வேலை செய்தவள். பிரகாஷ், புதிதாக வந்த ஆய்வு அதிகாரி. நான், பிலோமினா. ஐந்து பேர். மேசையில் ஒரு பழுப்பு உறை. அதற்குள் பிரகாஷை வேலையை விட்டு நிறுத்தும் கடிதம். என் மடியில் ஒரு நோட்டு. அதில் என்ன இருக்கிறது என்று மற்ற நாலு பேருக்கும் தெரியாது.

இதை இப்போது எழுதக் காரணம் ஹஸ்னா. போன மாதம் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அவள்தான் அந்த மேசைக்குப் பொறுப்பு. அங்கே நாங்கள் பேசிக்கொள்வது மலாயில்; காக் என்றால் அக்கா. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"காக் மினா, புது மெஷின் வந்துருச்சு. எத்தனை மில்லிகிராம், எத்தனை விழுக்காடுன்னு தட்டினா போதும். எத்தனை மில்லி தண்ணி ஊத்தணும்னு அதுவே சொல்லி, லேபலும் அடிச்சுக் கொடுத்துடுது. உங்க நோட்டெல்லாம் அலமாரியில கிடக்கு. வேணுமா, தூக்கிப் போடவா?"

"வேணும்."

"மெஷின் கணக்கு நல்லா போடுது காக்."

"நானும் நல்லாத்தான் போட்டேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

நோட்டுகள் வந்து சேர்ந்தன. பதினொன்று. எங்கள் தேவாலயப் பங்கு மலருக்கு வேலை அனுபவம் எழுதித் தரச் சொல்லி இரண்டு வருசமாகக் கேட்கிறார்கள். என்ன எழுதுவது என்று இருந்தேன். நோட்டைப் பார்த்ததும் எழுதலாம் என்று தோன்றியது.

பண்டார் தெங்காரா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தேன். மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை படித்தேன். ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். பத்தொன்பது வயதில் பாசிர் கூடாங்கில் ஒரு சமையல் எண்ணெய் ஆலையில் போத்தல் கழுவப் போனேன். அங்கே நிறுக்கக் கற்றுக் கொடுத்தார்கள். எண்ணெயில் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். முன்னே நிறு. காய வை. பின்னே நிறு. கழி. ஒன்பது வருசம் அதையே செய்தேன். வேறு ஒன்றும் அங்கே கற்கவில்லை.

அப்புறம் இரண்டு தெரு தள்ளி இந்த ஆய்வுக்கூடம் திறந்தார்கள். சோதனைப் பெட்டி செய்கிற இடம். இறால் பண்ணைக்காரர்கள் குளத்தில் நோய் இருக்கிறதா என்று பார்க்க வாங்குவார்கள். பெட்டி காட்டும் எண் சரிதானா என்று பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல்தான் பெப்டைடு. புரதத்தில் ஒரு சின்னத் துண்டு. வெளிநாட்டிலிருந்து உறையவைத்து உலர்த்திய தூளாகக் குப்பியில் வரும். கட்டைவிரல் உயரக் குப்பி. அடியில் வெள்ளையாக ஒரு படலம். சில நாள் அது கண்ணுக்கே தெரியாது. காலிக் குப்பி அனுப்பிவிட்டார்கள் என்று ஹஸ்னா வந்த புதிதில் ஒருமுறை புகார் எழுதப் போனாள்.

அந்தத் தூளைத் தண்ணீரில் கரைத்து, ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் இருக்கும்படி செய்து, சின்னக் குழாய்களில் பிரித்து உறைய வைப்பது என் வேலை. முப்பத்திரண்டு வருசம்.

எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

குப்பி உறைபெட்டியில் இருக்கும். எடுத்தவுடன் திறக்கக் கூடாது. குளிர்ந்த தூள் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஊர்க் காற்று எப்படி என்று தெரியும். உலர்ப்பெட்டிக்குள் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு சுழலும் இயந்திரத்தில் ஒரு நிமிடம். மூடியில் ஒட்டிய தூள் அடியில் இறங்கிவிடும். பிறகு திறந்து, சுத்தம் செய்த தண்ணீரைக் குப்பியின் சுவரோடு மெதுவாக இறக்க வேண்டும். குலுக்கக் கூடாது. குலுக்கினால் நுரைக்கும். உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, பத்து நிமிடம் நிற்க வைத்து, கறுப்பு அட்டைக்கு முன்னால் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு புள்ளி தெரிந்தாலும் இன்னும் கரையவில்லை.

கணக்கு இதற்கு முன்னால். லேபலில் ஐந்து மில்லிகிராம் என்று இருந்தால் ஐந்தும் பெப்டைடு இல்லை. உப்பும் ஈரமும் சேர்ந்திருக்கும். கருவாடு ஒரு கிலோ வாங்கினால் உப்பும் சேர்த்துத்தானே ஒரு கிலோ. கூடவே ஒரு தாள் வரும். அதில் எத்தனை விழுக்காடு பெப்டைடு என்று போட்டிருக்கும். எண்பது விழுக்காடு என்றால் ஐந்தில் நாலுதான் பெப்டைடு. அப்படியானால் நாலு மில்லி தண்ணீர். ஐந்து ஊற்றினால் கரைசல் நீர்த்துப் போகும். நான் கணக்கு எழுதுவேன். ஹஸ்னா சரிபார்ப்பாள். டாக்டர் லியாவ் கையெழுத்துப் போடுவார்.

டாக்டர் லியாவ் மூவாரில் பிறந்தவர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கணக்குத் தாளோடு போய் நின்றால் தாளைப் பார்க்க மாட்டார். என் முகத்தைப் பார்த்து ஒரே வார்த்தை கேட்பார். "பெராப்பா?" எவ்வளவு என்று அர்த்தம். தூள் எவ்வளவு, விழுக்காடு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு. மூன்றும் மனதிலிருந்து சொல்ல வேண்டும். தாளில் பார்த்துச் சொன்னால், போய் மனதில் போட்டுக்கொண்டு வா என்பார். கரைசலைக் கையிலிருந்து கைக்கு வாங்க மாட்டார். உள்ளங்கையை மேசையில் விரித்து வைப்பார். பக்கத்தில் வைக்க வேண்டும். கைக்குக் கை மாறும்போதுதான் விழுந்து உடையும் என்பார். அவர் இருந்த வரை ஒன்றும் உடையவில்லை.

ஒரு வேலை மட்டும் யாரும் சொல்லாமல் நானாகச் செய்தேன். எண்ணெய் ஆலைப் பழக்கம். திறக்கும் முன் குப்பியைத் தூளோடு நிறுப்பேன். காலியானதும் மூன்று முறை அலசி, ஒரு நாள் காயவைத்து, மறுபடி நிறுப்பேன். கழித்தால் தூளின் எடை. அதை என் நோட்டில் பென்சிலால் எழுதுவேன். டாக்டர் லியாவ் ஆரம்பத்தில் ஒருநாள் பார்த்தார். "நேரம் இருந்தா செய்" என்றார். அவ்வளவுதான். ஐந்து என்று லேபலில் இருந்தால் என் நோட்டில் 5.0 வரும், 5.1 வரும், 4.9 வரும். முப்பது வருசமாக அப்படித்தான் வந்தது.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது ஆனபோது, தூள் அனுப்பும் கம்பெனியை மாற்றினார்கள். அதே மாதம்தான் பிரகாஷும் வந்தான். கூலாய்க்காரன். சிங்கப்பூரில் ஏழு வருசம் வேலை செய்தவன். மனைவி கர்ப்பமாக இருக்கிறாள், தினமும் எல்லைப் பாலம் கடந்து போய்வர முடியவில்லை என்று அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தான். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகச் சொல்லி எடுத்தார்கள். நான் கரைத்த அளவுகோலை வைத்துப் பெட்டிகளைச் சோதிப்பது அவன் வேலை.

பேச்சு அதிகம் அவனுக்கு. நான் உலர்ப்பெட்டி முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு முதல் வாரமே கேட்டான்.

"மினாக்கா, குப்பிக்கு ஜெபம் பண்றீங்களா?"

"ஆமா. உனக்கும் சேர்த்து."

"எனக்கு எதுக்கு?"

"வாய் கொஞ்சம் குறையட்டும்னு."

"அலாமாக்! பத்து மணிக்கே திட்டு வாங்கிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே போனான். அதற்குப் பிறகு தினமும் பத்து மணிக்கு வந்து இன்றைக்கு ஜெபம் ஆயிற்றா என்று கேட்பான்.

ஒரு மாதத்தில் அந்தக் கேள்வி நின்றது.

வாடிக்கையாளர்கள் எங்கள் பெட்டியைச் சோதித்துப் பார்க்க, அளவு தெரிந்த ஒரு மாதிரி அனுப்புவார்கள். அதில் நூறு வர வேண்டும். முன்னால் இருந்த அதிகாரிக்குத் தொண்ணூற்றெட்டு வரும், நூற்றொன்று வரும். பிரகாஷுக்கு எண்பது வந்தது. மறுபடி செய்தான். எழுபத்தொன்பது. மூன்றாம் முறை எண்பத்தொன்று. நாலு மாதமும் அப்படியே. ஒரு வாடிக்கையாளர் சரக்கைத் திருப்பி அனுப்பினார்.

மிஸ்டர் கூ எங்கள் மேசைக்கு வந்தார். "கரைசல் சரியா?" என்று கேட்டார். கணக்குத் தாள்களைக் காட்டினோம். ஐந்து மில்லிகிராம். எண்பது விழுக்காடு. நாலு மில்லி. ஏழு குப்பி, ஏழு தாள். என் கையெழுத்து, ஹஸ்னா கையெழுத்து, டாக்டர் லியாவ் கையெழுத்து. அவர் தன் போனில் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாலுதான் வந்தது.

"அப்ப அவன் கைதான் சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தேன். தராசு அறையில் பிரகாஷ் உட்கார்ந்திருந்தான். பிப்பெட்டில் தண்ணீரை உறிஞ்சி, தராசில் வைத்த சின்னக் கிண்ணத்தில் விடுவதும், எண்ணை எழுதுவதும், மறுபடி விடுவதுமாக இருந்தான். பக்கத்தில் ரொட்டி சானாய் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

"என்ன பண்றே?"

"என் கைய சோதிக்கிறேன் அக்கா. ஒரு தடவை விட்டா நூறு மில்லிகிராம் தண்ணி விழணும். விழுதான்னு பாக்குறேன்."

"விழுதா?"

"விழுது. இருபது தடவை விட்டுட்டேன். இருபதும் சரியா இருக்கு." எழுதியதைக் காட்டினான். 99.7. 99.6. 99.8. வரிசையாக அப்படியே. "ஆனா சோதனைத் தட்டுல எண்பது வருது. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்குக் கூப்பிட்டிருக்காங்க. எதுக்குன்னு தெரியும். வீட்டுல இன்னும் சொல்லல. இந்த வாரம்தான் குழந்தை பிறக்கும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க." கையை விரித்துப் பார்த்தான். "என் கை மேல எனக்கே சந்தேகம் வந்துருச்சுக்கா. நேத்து கோப்பி கலக்கும்போதுகூட அளந்து அளந்து கலக்குறேன்."

நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த எண்களைத்தான் பார்த்தேன். இருபதும் சரி. அவன் கை சரி. அதோடு தராசும் சரி.

தராசும் சரி என்றால் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது.

என் மேசைக்குப் போய் நோட்டை எடுத்தேன். புதுக் கம்பெனிக் குப்பிகள் ஏழு. லேபலில் ஐந்து. என் பென்சில் எழுத்தில் 6.2, 6.3, 6.2, 6.2, 6.3, 6.2, 6.3. முதல் எண்ணுக்குப் பக்கத்தில் நானே எழுதியிருந்தேன்: தராசு? ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு நாலு மாதம் சும்மா இருந்திருக்கிறேன். கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. லேபலில் ஐந்து என்று அச்சடித்திருந்தது. அச்சடித்த எழுத்துக்கு முன்னால் என் பென்சில் எழுத்தை நான் நம்பவில்லை.

புதுக் கம்பெனியின் தாளை எடுத்தேன். எனக்குப் பார்க்கச் சொல்லிக் கொடுத்த கட்டங்கள் இரண்டு. மில்லிகிராம், விழுக்காடு. முப்பது வருசமாக அந்த இரண்டைத்தான் பார்த்தேன். இப்போது முழுத் தாளையும் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். ஐந்து மில்லிகிராமுக்குப் பக்கத்தில் சின்னதாக மூன்று எழுத்து இருந்தது. ஹஸ்னாவிடம் காட்டினேன்.

"இது என்ன?"

"நெட். நிகர எடை, காக். பிஸ்கட் டின்னுல போட்டிருக்குமே, டின் எடை போக உள்ள இருக்குறது மட்டும்."

"சரி" என்றேன்.

"ஏன் காக்?"

"சும்மா."

பழைய கம்பெனி உப்போடு ஐந்து நிறுத்து அனுப்பியது. புதுக் கம்பெனி உப்பைக் கழித்து, பெப்டைடு மட்டும் ஐந்து வரும்படி கூடுதலாகப் போட்டு அனுப்பியிருக்கிறது. எண்பது விழுக்காட்டில் ஐந்து வர வேண்டுமென்றால் தூள் ஆறேகால். அதுதான் என் நோட்டில் இருக்கிறது. அவர்கள் ஒருமுறை கழித்ததை நான் இரண்டாம் முறை கழித்திருக்கிறேன். ஐந்து மில்லி ஊற்ற வேண்டிய இடத்தில் நாலு ஊற்றியிருக்கிறேன். ஒன்று என்று எழுதிய கரைசல் உண்மையில் ஒன்றேகால். அளவுகோல் நீண்டுவிட்டால் அளக்கிற துணி குறைவாகத்தான் காட்டும். நூறு எண்பதாகும். பிரகாஷ் கை சரியாக இருந்ததால்தான் ஒவ்வொரு முறையும் அதே எண்பது.

டாக்டர் லியாவ் அன்றைக்குக் கோலாலம்பூரில் இருந்தார். நாலரைக்குக் கம்பெனி பஸ் வந்தது. நோட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஏறினேன். ஓய்வுக்கு ஒரு வருசம் எட்டு மாதம் இருந்தது. கணக்குத் தாள் ஏழும் சரியாக இருந்தது. நோட்டைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். சாப்பாடு போடும்போது அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"நோட்ட நாளைக்குக் கொண்டு போறியா?"

"போறேன்."

"அப்ப உக்காந்து சாப்பிடு."

சாப்பிட்டேன். தூங்கினேன்.

மறுநாள் ஒன்பது மணி. முதலில் எழுதிய ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தோம். ஹஸ்னாவையும் என்னையும் கூப்பிட்டது கரைசல் சரி என்று சாட்சி சொல்ல. மிஸ்டர் கூ உறையில் கை வைத்துப் பேச ஆரம்பித்தார். "பிரகாஷ், நாலு மாசம் பார்த்தாச்சு..."

"தப்பு என்னுது" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டர் லியாவ் உள்ளங்கையை மேசையில் விரித்தார். நோட்டைப் பக்கத்தில் வைத்தேன். புதுக் கம்பெனித் தாளை அதன் மேல் வைத்து, அந்த மூன்று எழுத்தைக் காட்டினேன். அவர் நோட்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். கேட்டார்.

"பெராப்பா?"

"தூள் ஆறேகால். பெப்டைடு ஐந்து. ஊத்தினது நாலு. ஊத்த வேண்டியது ஐந்து."

"எத்தனை குப்பி?"

"ஏழு."

ஹஸ்னா தலையைக் குனிந்துகொண்டாள். "நானும் கையெழுத்துப் போட்டேன்" என்றாள்.

"நானும்" என்றார் டாக்டர் லியாவ்.

மிஸ்டர் கூ ஒப்பவில்லை. "பென்சில் நோட்டு. எப்ப வேணும்னாலும் எழுதலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கேட்க வேண்டியதைத்தான் கேட்டார்.

"அப்ப எழுத வேண்டாம். செய்யலாம்" என்றார் டாக்டர் லியாவ். "மினா, எட்டாவது குப்பிய எடு. ஐந்து ஊத்து. பிரகாஷ், நீ சோதி."

உலர்ப்பெட்டியில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் பிரகாஷ் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நிறுத்தேன். சுழற்றினேன். ஐந்து மில்லியைச் சுவரோடு இறக்கினேன். உருட்டினேன். கறுப்பு அட்டைக்கு முன்னால் பிடித்தேன். புள்ளி இல்லை. டாக்டர் லியாவும் பார்த்தார்.

பிரகாஷ் தட்டைத் தயார் செய்தான். மிஸ்டர் கூ போகவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து அவன் கையையே பார்த்தார். மத்தியானம் ஆகிவிட்டது. இயந்திரம் எண்ணைக் காட்டியது. தொண்ணூற்றொன்பது. தட்டின் பக்கத்துக் குழியில் நூற்றொன்று.

மிஸ்டர் கூ பழுப்பு உறையை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிரகாஷிடம், "போய்ச் சாப்பிடு" என்றார். அவரால் முடிந்தது அவ்வளவு.

பிரகாஷ் என்னிடம் வந்தான். என்னமோ பெரிதாகச் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன்.

"நாலு மாசம் என்னைத் தூங்க விடலையே அக்கா நீங்க" என்றான்.

"ஆமா" என்றேன்.

"இன்னைக்காவது ஜெபம் ஒழுங்கா பண்ணீங்களா?"

"பண்ணேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனான். அந்த வாரமே பெண் குழந்தை பிறந்தது.

உறைபெட்டியில் பழைய கரைசல் அறுபத்தொரு குழாய் மீதி இருந்தது. கொட்டிவிடவா என்று கேட்டேன். "கரைசல் கெடல. அதோட பேர்தான் தப்பு" என்றார் டாக்டர் லியாவ். ஹஸ்னாவும் நானும் உட்கார்ந்து அறுபத்தொன்றிலும் 1.00 என்பதை அடித்து 1.25 என்று எழுதினோம். பிரகாஷ் தன் நாலு மாதக் கணக்கையும் திருத்தினான். எல்லாம் நூறுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதற்குப் பிறகு நிறுத்துப் பார்ப்பதை வேலை முறையிலேயே சேர்த்துவிட்டார்கள். பென்சில் வேண்டாம், பேனாவால் எழுது என்றார் டாக்டர் லியாவ்.

அறிக்கையும் அவர்தான் எழுதினார். ஹஸ்னா எனக்குப் படித்துக் காட்டினாள். தூள் அனுப்பும் கம்பெனி மாறியது, புதுத் தாளில் எடை குறிப்பிடும் முறை வேறு, அதனால் வந்த வித்தியாசம். பணியாளர் தவறு என்ற கட்டத்தில் சுழியம். எனக்காக அப்படி எழுதினார் என்று தெரியும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை. அவரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை.

ஒரு வருசம் எட்டு மாதம் கழித்து என் கடைசி நாள் வந்தது. ஹஸ்னா நாசி லெமாக் சோறு கட்டிக்கொண்டு வந்தாள். பிரகாஷ் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். அது என் உலர்ப்பெட்டியைத் திறக்கப் பார்த்தது. எல்லாரும் போன பிறகு டாக்டர் லியாவ் என் மேசைக்கு வந்தார். கடைசி நோட்டை எடுத்துப் புரட்டினார்.

"மொத்தம் பெராப்பா?"

"அறுநூற்றுப் பதினெட்டு குப்பி."

நோட்டை மூடினார். என் முகத்தைப் பார்த்தார்.

"தப்பு?"

அறிக்கையில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஏழு."